24 பக்க மாணவர் இசை இதழ்: எந்தக் கட்டுரைக்கு எந்தப் பக்கம்? பக்கத் திட்டம் போட யோசனை சொல்லுங்க

அஞ்சரைக்கட்டை (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். எங்க கல்லூரி இசை மன்றத்துலேர்ந்து வருஷத்துக்கு ஒரு இதழ் கொண்டு வர்றோம். ஏ4 அளவு, 24 பக்கம், சென்டர் பின். பொங்கலுக்கு முன்னாடி அச்சுக்குப் போகணும். இந்த வருஷம் ஆசிரியர் குழுவுக்கு நான் பொறுப்பு. கட்டுரை எல்லாம் வந்தாச்சு. பக்கம் பிரிக்கிறதுலதான் நிக்கிறேன்.

கையில இருக்கிறது: நரசிங்கம்பேட்டை நாகஸ்வரம் செய்யுற பட்டறையைப் பத்தி ஒரு நேரடிக் கட்டுரை, கானா பாடகர் ஒருத்தரோட பேட்டி, விடுதிப் பிள்ளைங்க பறை கத்துக்கிட்ட கதை, எங்க சீனியர் அக்கா மோகனத்துல, ஆதி தாளத்துல போட்ட புதுப் பாட்டு (சுரக்குறிப்போட), ஹாஸ்டல் அறையிலயே ஒலிப்பதிவு பண்றது எப்படின்னு ஒரு கட்டுரை, ஆறு குட்டி ஆல்பம் விமர்சனம். இது போக தலையங்கம், கடிதங்கள், நிகழ்ச்சிப் பட்டியல், மூணு விளம்பரம். கலர் எட்டுப் பக்கத்துக்குத்தான் காசு இருக்கு. மீதி கறுப்பு.

போன வருஷம் நடந்ததைச் சொல்லியாகணும், இல்லேன்னா நான் ஏன் இவ்வளவு பயப்படறேன்னு புரியாது. ஒரு தவில் வித்வானைப் பத்தி நாலு பக்கம் போட்டோம். அவர் முகத்தை 8, 9 ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்து விரிச்சோம். கம்ப்யூட்டர்ல அவ்வளவு அழகா இருந்துச்சு. அச்சாகி வந்தா மடிப்பு சரியா அவர் மூக்கு மேல. இடது கண் ஒரு உயரத்துல, வலது கண் ரெண்டு மில்லிமீட்டர் கீழ. நானும் இன்னொருத்தியும் அவர் வீட்டுக்கே போய் இதழைக் கொடுத்தோம். திறந்து பார்த்தார். கட்டைவிரலால அந்த மடிப்பை நாலஞ்சு தடவை நீவினார். முகம் சேரல. "நல்லா இருக்கும்மா"ன்னு சொல்லி சாமி படத்துக்குப் பக்கத்துல வெச்சார். திரும்பி வரும்போது பஸ்ல நாங்க ரெண்டு பேரும் பேசிக்கவே இல்ல.

இன்னொண்ணு. போன இதழ்ல கலர்ப் பக்கம் முழுக்க கச்சேரிப் படங்க. கானாவும் பறையும் பின்னாடி, கறுப்புல. முதல் வருஷப் பையன் ஒருத்தன் வந்து, "எங்க பக்கம் மட்டும் ஏன்க்கா கறுப்பு?"ன்னு கேட்டான். வேணும்னு செஞ்சதில்ல, ஆனா அவனுக்குச் சொல்ல என்கிட்ட பதில் இல்ல.

இப்போதைக்கு என் திட்டம், கச்சேரி மாதிரி வரிசை. வர்ணம் மாதிரி சின்ன விஷயங்க முதல்ல, நடுவுல கனமான கட்டுரை, கடைசியில துக்கடா மாதிரி விமர்சனங்க. இது சரியா வருமா?


மையும்தாளும்

தங்கச்சி, அச்சு வேலையில இருபது வருஷத்துக்கு மேல இருக்கேன். வரிசையை அப்புறம் பார்க்கலாம். முதல்ல ஆறு தாள் எடுங்க. ஒண்ணுக்குள்ள ஒண்ணா அடுக்கி நடுவுல மடிங்க. மேலேருந்து ஒவ்வொரு பக்கத்துலயும் 1, 2, 3ன்னு 24 வரைக்கும் பென்சில்ல எழுதுங்க. இதுக்குப் பேர்தான் டம்மி. இப்போ அதைப் பிரிச்சுத் தனித்தனித் தாளாப் பாருங்க. ஒரு தாளோட ஒரு முகத்துல இருக்கிற ரெண்டு எண்ணையும் கூட்டினா எப்பவும் 25 வரும். 24ம் 1ம் ஒரு முகம், அதுக்குப் பின்னாடி 2ம் 23ம். அப்படியே உள்ள போனா கடைசித் தாள்ல 14ம் 11ம், பின்னாடி 12ம் 13ம்.

போன வருஷம் ஏன் கண்ணு ஏறி இறங்குச்சுன்னு இப்போ தெரியும். 8ஆம் பக்கத்துக்கு ஜோடி 17. 9ஆம் பக்கத்துக்கு ஜோடி 16. படிக்கிறவங்க கண்ணுக்குத்தான் 8ம் 9ம் பக்கத்துப் பக்கத்துல இருக்கு. மெஷின்ல அது வேற தாள், வேற பிளேட் (அச்சுத் தகடு). மடிக்கிறப்போ ஒரு மில்லி, வெட்டுறப்போ ஒரு மில்லி நகரத்தான் செய்யும், எவ்வளவு நல்ல பிரஸ்ஸா இருந்தாலும். 24 பக்கத்துல ஒரே தாளா எதிரெதிரே விரியுறது 12-13 மட்டும்தான். ரெண்டு பக்கத்துக்கும் படம் விரிக்கணும்னா அங்க விரிங்க. வேற இடத்துல விரிச்சே ஆகணும்னா மடிப்புல வானம், சுவரு, திரைச்சீலை மாதிரி எதாச்சும் விழட்டும். முகமும் எழுத்தும் விழக்கூடாது.

கலரும் தாள் கணக்குலதான் வரும். "எனக்கு 5, 9, 18 கலர் வேணும்"னு சொன்னா பிரஸ்காரர் மூணு தாளைக் கலர்ல ஓட்டணும், உங்க காசு பறந்துடும். அட்டைத் தாள் கலர்ன்னா 1, 2, 23, 24 கிடைச்சிடும். இன்னொரு தாள் எதுன்னு நீங்கதான் முடிவு பண்ணணும்.


பத்திநீளம்

நான் கோயம்புத்தூர்ல வடிவமைப்பு வேலை பார்க்கிறேன். அண்ணன் சொன்ன டம்மியைச் செய்யாம கம்ப்யூட்டர் பக்கமே போகாதீங்க.

பத்தி விஷயம் மட்டும் நான் சொல்றேன். ஆங்கில இசைப் பத்திரிகையைப் பார்த்து ஏ4ல மூணு பத்தி வைக்க எல்லாருக்கும் ஆசை வரும். தமிழுக்கு அது ஒத்து வராது. மூணு பத்தி வெச்சா ஒவ்வொண்ணும் அஞ்சரை செ.மீ. கூட வராது. பத்தரைப் புள்ளி (பாயின்ட்) எழுத்துல ஒரு வரிக்கு ரெண்டு, ரெண்டரை சொல்தான் நிக்கும். "நாகஸ்வரக்காரர்களுக்கெல்லாம்"னு ஒரு சொல் வந்தா அதுவே ஒரு வரி. ரெண்டு ஓரமும் நேரா நிக்கணும்னு இழுத்துக் கட்டினா சொல்லுக்குச் சொல் நடுவுல ஓட்டை விழும். பக்கத்தைக் கொஞ்சம் தள்ளி வெச்சுப் பார்த்தா வெள்ளைக் கோடு ஆறு மாதிரி ஓடும்.

ரெண்டு பத்தி வைங்க. எட்டு, எட்டரை செ.மீ. அகலம், வரிக்கு நாலு சொல். படம் இல்லாத பக்கத்துக்கு 350லேர்ந்து 400 சொல் பிடிக்கும். மூணு பத்தி வேணும்னா குட்டி விமர்சனத்துக்கு மட்டும் வைங்க, வலது ஓரத்தை இழுக்காம விட்டுடுங்க.

வரி இடைவெளியும் ஆங்கில அளவு போதாது. மேல் வரியில "மு", "ழூ"ன்னு கீழே இறங்கும், கீழ் வரியில "கி", "டீ"ன்னு மேல ஏறும், ரெண்டும் முட்டிக்கும். பத்தரைப் புள்ளி எழுத்துக்குப் பதினஞ்சு புள்ளி விடுங்க. இந்த அளவை முதல்லயே தீர்மானிச்சாத்தான் எந்தக் கட்டுரை எத்தனை பக்கம்னு கணக்கு வரும். எழுதுறவங்ககிட்ட "ரெண்டு பக்கம் எழுது"ன்னு சொல்லாதீங்க, "600 சொல், ஒரு படம்"னு சொல்லுங்க.


பழையஇதழ்

கச்சேரி வரிசை குறித்து என் கருத்து. அரங்கில் அமர்ந்திருப்பவர் வர்ணத்தைத் தாண்டித்தான் ராகம் தானம் பல்லவிக்கு வர முடியும். இதழைக் கையில் எடுப்பவருக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. கணையாழியில் சுஜாதா எழுதிய கடைசிப் பக்கத்துக்காகவே இதழைப் பின்னாலிருந்து திறந்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான். நடுப்பக்கப் படத்தைப் பின்னைக் கழற்றி எடுத்துச் சுவரில் ஒட்டிவிட்டுப் பிறகு மீதியைப் படித்த வீடுகளும் உண்டு. சென்டர் பின் இதழ் தானாகவே நடுவில்தான் விரியும். ஆகவே அதற்கு முன்வாசல், நடுவாசல், பின்வாசல் என்று மூன்று வாசல்கள். மூன்றிலும் ஆளை உள்ளே இழுக்கிற விஷயம் ஒன்று வேண்டும். விமர்சனங்களைக் "கடைசியில் கிடக்கட்டும்" என்று வைத்தால் பின்வாசலில் குப்பையைக் கொட்டியதாகிவிடும்.

சென்னை வருவதாக இருந்தால் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் போய்ப் பாருங்கள் அம்மா. பழைய இதழ்கள், நாடக நோட்டீஸ்கள், சினிமாப் பாட்டுப் புத்தகங்கள் எல்லாம் இருக்கின்றன. சில பக்கங்களுக்குள் ஒரு படத்தின் கதைச் சுருக்கத்தையும் எல்லாப் பாட்டுகளையும் அடக்கியவர்கள் அவர்கள். இடத்தைச் சிக்கனமாகப் பிடிப்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது.


வீணைக்குடம்

முப்பது வருஷமா வீணை சொல்லிக் கொடுக்கிறேன். சுரக்குறிப்புப் பக்கத்தைப் பத்தி யாரும் இன்னும் பேசலை. அதனால எழுதறேன்.

கட்டுரையைப் படிக்கிற மாதிரி சுரக்குறிப்பை யாரும் படிக்கிறதில்லை. தரையில விரிச்சு வெச்சுண்டு வாசிப்பா. ரெண்டு கையும் வீணையில இருக்கும். பக்கம் புரட்டக் கை கிடையாது. அனுபல்லவி பாதியில ஒரு பக்கம் முடிஞ்சு மீதி பின்பக்கத்துல இருந்தா அந்தப் பாட்டு அங்கேயே நின்னு போயிடும். அதனால பாட்டு முழுக்க எதிரெதிர் ரெண்டு பக்கத்துக்குள்ள முடியணும். இதழ் மூடிக்காம தட்டையாக் கிடக்கணும். மேலே சொன்ன கணக்குப்படி அதுக்கு 12-13தான் சரியான இடம்.

வரி ஒழுங்கு அதைவிட முக்கியம். ஆதி தாளம், எட்டு அட்சரம் (தாள எண்ணிக்கை), நாலு ரெண்டு ரெண்டுன்னு பிரியும். ஒரு வரிக்கு ஓர் ஆவர்த்தனம், அதாவது தாளத்தோட ஒரு முழுச் சுற்று. எந்தக் காரணத்துக்காகவும் ஆவர்த்தனத்தைப் பாதியில உடைச்சு அடுத்த வரிக்குக் கொண்டு போகாதே. ரெண்டு பத்தியில போட்டா அட்சரத்துக்கு ஒரு செ.மீ.தான் கிடைக்கும், அதுக்குள்ள நாலு சுரம் நெருக்கியடிச்சுண்டு நிக்கும். பக்கம் முழுக்க ஒரே பத்தியாப் போடு. அட்சரத்துக்கு ரெண்டு செ.மீ.க்கு மேல வரும். கட்டம் போட்டு எட்டு நிரலா வை, கோட்டை மட்டும் மறைச்சுடு. மேல் வரியில சுரம், நேர் கீழே சாகித்தியம் (பாட்டு வரி). எந்தச் சுரத்துக்கு எந்த எழுத்துன்னு செங்குத்தா ஒத்துப் போகணும்.

ஸ்தாயிப் புள்ளியில ஜாக்கிரதை. தார ஸ்தாயி, அதாவது உச்ச சுரத்துக்கு எழுத்துக்கு மேலே; மந்தரம், அதாவது தாழ்ந்த சுரத்துக்குக் கீழே. பல எழுத்துருவுல இந்தப் புள்ளி தமிழ் எழுத்தோட சரியா உட்காராது, பக்கத்துல தள்ளிப் போய் நிக்கும். "ச" மேல இருக்க வேண்டியது "ரி"யோட மேல்விலங்கு மேல போய் ஒட்டிண்டதை நானே அச்சுல பார்த்திருக்கேன். புள்ளியைத் தனியா வரைஞ்சு, ஒவ்வொண்ணாக் கையால வை. நேரம் ஆகும், ஆனா வேற வழி கிடையாது. 1904ல எட்டயபுரத்துல சுப்பராம தீட்சிதரோட சங்கீத சம்பிரதாய பிரதர்சினிங்கிற சுரக்குறிப்புப் புஸ்தகத்தை அச்சடிச்சா. தெலுங்கு லிபி, கமகத்துக்கெல்லாம் (சுரத்தை அசைக்கிற விதத்துக்கெல்லாம்) தனித்தனிக் குறி. அன்னிக்கு இருந்த ஈய எழுத்துல அதை முடிச்சிருக்கா. இன்னிக்கு நம்மால ரெண்டு பக்கத்தை ஒழுங்காப் போட முடியணும்.


கானாமேசை

தோழி, நானும் மாணவர் இதழ்ல வேலை செய்றவன்தான், வடசென்னை. அந்தப் பையன் கேட்ட கேள்வியை இங்க எழுதினதுக்கு நன்றி. எங்க இதழ்லயும் இதே நடந்துச்சு, யாரும் வாயத் தொறந்து சொல்லல.

பக்கம் ஒதுக்குறது மரியாதை ஒதுக்குறதுதான். கானாவுக்கு அரைப் பக்கம், அதுவும் விளம்பரத்துக்கு மேல, தலைப்புல ரெண்டு ஆச்சரியக்குறி. கர்நாடக சங்கீதத்துக்கு நாலு பக்கம், நிறைய வெள்ளை இடம், அமைதியான எழுத்து. உள்ள எழுதியிருக்கிறதைப் படிக்கிறதுக்கு முன்னாடியே யாரு பெரியாளுன்னு பக்கம் சொல்லிடுது. நான் கேக்குறது ஒண்ணுதான்: எல்லாக் கட்டுரைக்கும் ஒரே எழுத்துரு, ஒரே தலைப்பு அளவு, ஒரே மாதிரி வெள்ளை இடம் கொடுங்க. கானான்னா கிறுக்கல் எழுத்து, சுவத்துல பெயின்ட் வழியுற மாதிரி எழுத்துன்னு போடாதீங்க. அந்தப் பாடகர் அண்ணனும் ஒரு கலைஞர். வித்வான் பேரை எந்த எழுத்துல போடுறீங்களோ அதே எழுத்துல அவர் பேரும் வரணும்.

அப்புறம் ஒரு தொழில்நுட்ப விஷயம். பேட்டியை இருட்டுப் படத்து மேல வெள்ளை எழுத்துல போட்டோம் நாங்க. அச்சுல மை பரவி மெய்யெழுத்துப் புள்ளி எல்லாம் அடைஞ்சு போச்சு. "க்" எல்லாம் "க" ஆயிடுச்சு, "பல்லவி" "பலலவி" ஆயிடுச்சு. சின்ன எழுத்தைக் கறுப்பு மேல வெள்ளையில வைக்காதீங்க. தலைப்புக்கு மட்டும்னா சரி, அதுவும் தடிச்ச எழுத்துல.


தவில்வாசல்

தங்கச்சி, நாங்க தவில் குடும்பம். அந்த மடிப்பு விஷயத்தைப் படிச்சிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவர் உங்க மேல கோபப்பட்டிருக்க மாட்டார். எங்க பெரியவங்க படம் புத்தகத்துல வர்றதே அபூர்வம், அதனாலதான் சாமி படத்துக்குப் பக்கத்துல வெச்சிருக்கார்.

மறுபடி போடும்போது ஒரே பக்கத்துல முழுசாப் போடுங்க. ஆனா இன்னொரு தப்பு வழக்கமா நடக்கும், அதையும் சொல்லிடறேன். ஆள் எழுத்தைப் பார்த்த மாதிரி இருக்கணும்னு வடிவமைக்கிறவங்க படத்தை அப்படியே இடவலமாத் திருப்பிடுவாங்க. தவில்ல வலந்தலையை, அதாவது வலது பக்க முகத்தை, வலது கை விரலால வாசிப்போம், விரல்ல கூடு மாட்டியிருக்கும். தொப்பியை, அதாவது இடது பக்க முகத்தை, இடது கையில குச்சி பிடிச்சு வாசிப்போம். படத்தைத் திருப்பினா கூடு மாட்டின கை இடது கையாயிடும். ஊர்ல சின்னப் பையன் பார்த்தாக்கூடக் கண்டுபிடிச்சிடுவான். வீணை, மிருதங்கம், வயலின் எல்லாத்துக்கும் இதேதான். படத்தைத் திருப்பாதீங்க, பக்கத்தை மாத்துங்க. அவர் பார்வை வலது பக்கம் போகுதுன்னா இடது பக்கத்துல வைங்க. இடது பக்கம் போகுதுன்னா வலது பக்கத்துல வைங்க.

நாகஸ்வரத்துக்கும் ஒரு யோசனை. அதைக் குறுக்கப் படுக்க வெச்சா ரெண்டு பக்கத்துலயும் நீண்டு மடிப்புல ஒடிஞ்சு கிடக்கும். நிமிர்த்தி வைங்க. பக்கம் உயரம் கிட்டத்தட்ட முப்பது செ.மீ. இருக்கு, வாத்தியமும் நெட்டையான வாத்தியம். மேல சீவாளி (ஊதுற நாக்கு), கீழ அணசு (விரிஞ்ச வாய்ப்பகுதி), பக்கத்தோட வெளி ஓரத்துல தூண் மாதிரி நிக்கும். எழுத்து அதை ஒட்டி ஓடட்டும்.


அஞ்சரைக்கட்டை

எல்லாருக்கும் நன்றி. இன்னிக்குச் சாயங்காலம் நாங்க ஆறு பேரும் கேன்டீன்ல உட்கார்ந்து டம்மி மடிச்சோம். கூட்டினா 25 வருதான்னு ஒவ்வொரு தாளாப் பார்த்தோம். வருது!

சுரக்குறிப்பு 12-13. இதுல யாருக்கும் மாற்றுக் கருத்து இல்ல. தவில் வித்வான் படத்தைத் தேடி எடுத்தோம். அவர் பார்வை வலது பக்கம் போகுது, அதனால இடது பக்கமான 8லயே முழுப் பக்கமா வரட்டும், 9ல அவரைப் பத்தின குறிப்பு. போன வருஷம் உடைஞ்ச அதே இடத்துல இந்தத் தடவை முழுசா வரணும்னு எங்களுக்கு ஆசை.

சிக்கல் கலர்லதான். அட்டைத் தாள் போக இன்னும் ஒரு தாள்தான் கலர். நடுத்தாளைக் கலராக்கினா 11, 12, 13, 14 கிடைக்கும். கானாவுக்கு 11, பறைக்கு 14 கொடுத்துடலாம். பறைப் படத்துல பிள்ளைங்க வைக்கோல் தீ மூட்டித் தோலைக் காய்ச்சுறாங்க, அந்த நெருப்பைக் கறுப்புல போட்டா ஒண்ணுமே இல்ல. ஆனா 12-13 வெறும் சுரக்குறிப்பு, அதுக்குக் கலர் வீண். அதே சமயம் வித்வான் படம் 8ல கறுப்பா நிக்கும். அவர் படத்தைக் கலர்ல போடறதா அவர் வீட்லயே சொல்லிட்டோம்.


மையும்தாளும்

இதுக்கு வழி இருக்கு, தங்கச்சி. ஒரு தாளை ரெண்டு முகமும் கலர்ல ஓட்டணும்னு சட்டமில்ல. ஒரு முகம் நாலு கலர், மறு முகம் ஒரு கலர்னு ஓட்டலாம்.

நடுத்தாளை எடுங்க. வெளி முகத்துல 14, 11. அது கலர். உள் முகத்துல 12, 13. அது கறுப்பு மட்டும். அடுத்து 7, 8, 17, 18 இருக்கிற தாளை எடுங்க. 8ம் 17ம் ஒரே முகம். அந்த முகம் கலர், 7ம் 18ம் இருக்கிற மறு முகம் கறுப்பு.

பிளேட்டைக் கூட்டிப் பார்ப்போம். கலர் முகத்துக்கு நாலு பிளேட், கறுப்பு முகத்துக்கு ஒண்ணு. முன்ன சொன்ன மாதிரி நடுத்தாள் ரெண்டு முகமும் கலர்னா எட்டு பிளேட், 8 இருக்கிற மத்த தாளுக்கு ரெண்டு, மொத்தம் பத்து. இப்போ ரெண்டு தாளும் நாலும் ஒண்ணும் அஞ்சு, அஞ்சு. அதுவும் பத்து. ஏ3 தாள் ஓடுற சின்ன மெஷினுக்கு இது பொருந்தும். பெரிய மெஷின்ல ஒரே பிளேட்ல நாலு, எட்டுப் பக்கம் வரும், கணக்கு மாறிடும். அதனால உங்க பிரஸ்ல போய் டம்மியைக் காட்டி, இந்தந்த முகம் கலர்னு ஸ்கெட்ச் பேனாவால வட்டம் போட்டுக் கொடுத்துக் கேளுங்க. வாயால சொன்னா தப்பாப் போயிடும்.

17ல கலர் சும்மா கிடைக்குது. விமர்சனத்தை 16-17க்குக் கொண்டு வந்து ஆல்பம் அட்டைப் படத்தையெல்லாம் 17ல அடுக்கிடுங்க.


கானாமேசை

கானா 11, பறை 14, வித்வான் 8. அந்தத் தம்பிகிட்ட இப்போ டம்மியையே காட்டலாம்.


பத்திநீளம்

அண்ணன் கணக்கு பிரமாதம். இதை முதல்லயே யாராச்சும் எனக்குச் சொல்லியிருந்தா எத்தனையோ மலருக்குக் காசு மிச்சமாகியிருக்கும்.

11 கலர், எதிரே 10 கறுப்பு. இது கண்ணுக்கு உறுத்தக்கூடாதுன்னா 10ல படமே வைக்காதீங்க, முழுக்க எழுத்தாப் போங்க. 14-15லயும் அப்படியே. 8-9லயும் அப்படியே. பேட்டியில நல்லதா ஒரு வரி எடுத்துப் பெரிய எழுத்துல நடுவுல வெச்சா போதும்.

படம் எல்லாம் எப்படி வந்துச்சு? வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்பின படம் நீளம் 1600 புள்ளிக்குள்ள (பிக்சல்) சுருங்கிடும். அங்குலத்துக்கு 300 புள்ளின்னு அச்சுக் கணக்குல பார்த்தா பதிமூணரை செ.மீ.தான். முழுப் பக்கத்துக்கு, சுத்தி மூணு மி.மீ. வெட்டுக்கு விட்டு, 2551க்கு 3579 புள்ளி வேணும். கேமராவுல இருக்கிற மூலத்தையே கேளுங்க, இல்லேன்னா டாக்குமென்டா அனுப்பச் சொல்லுங்க. வித்வான் படத்துக்கு இதை இன்னிக்கே பாருங்க.

எந்த மென்பொருள்ல போடுறீங்க?


அஞ்சரைக்கட்டை

வித்வான் படம் கேமரா மூலம் பத்திரமா இருக்குக்கா. பறைப் படம்தான் வாட்ஸ்அப்ல வந்தது, எடுத்த பையன்கிட்ட மெமரி கார்டு கேட்டிருக்கேன்.

மென்பொருள்லதான் குழப்பம். நாங்க யுனிகோடுல தட்டச்சு பண்ணியிருக்கோம். பிரஸ்ல பேஜ்மேக்கர்ங்கிற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள்ல இருக்காங்க, பாமினிங்கிற பழைய எழுத்துருவுக்கு மாத்திக்கலாம்னு சொல்றாங்க.


பத்திநீளம்

மாத்த விடாதீங்க. பேஜ்மேக்கரோட கடைசிப் பதிப்பு 2001ல வந்தது, அதுக்கு யுனிகோடே தெரியாது. மாத்தும்போது கிரந்த எழுத்தும் நிறுத்தக்குறியும் அங்கங்க உடையும், மறுபடி எல்லாப் பக்கத்தையும் மெய்ப்புப் பார்க்கணும். உங்க சுரக்குறிப்புக் கட்டம் மொத்தமாச் சிதறிடும். நீங்களே பக்கம் போட்டுப் பிடிஎஃப்பாக் கொடுங்க. எந்தப் பிரஸ்ஸும் வாங்கிக்கும். இன்டிசைன் இருந்தா பத்தி அமைப்புல வேர்ல்டு ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுத்துக்கோங்க, இல்லேன்னா கொம்பு எழுத்துக்குப் பின்னாடி போய் நிக்கும். காசு இல்லேன்னா ஸ்கிரைபஸ் இலவசம், 1.6 பதிப்புல தமிழ் ஒழுங்கா வருது. எழுத்துருவுக்கு நோட்டோ செரிஃப் தமிழ், தலைப்புக்கு முக்த மலர் அல்லது கேட்டமரான். மூணும் இலவசம், எல்லாத்துலயும் மெல்லிசுலேர்ந்து தடிப்பு வரைக்கும் இருக்கு. ரெண்டுக்கு மேல எடுக்காதீங்க.


பழையஇதழ்

பின்வாசல் என்ன ஆயிற்று அம்மா?


அஞ்சரைக்கட்டை

மறக்கல ஐயா. முழுத் திட்டம் இதோ.

1 அட்டை, நாகஸ்வரம் நிமிர்ந்து நிக்குது, கலர். 2 விளம்பரம். 3 உள்ளடக்கம், தலையங்கம். 4-5 கடிதங்களும் சின்னச் செய்திகளும். 6-7 நரசிங்கம்பேட்டை, கறுப்புல. பழைய வீட்டைப் பிரிச்சு எடுத்த ஆச்சா மரத்துலதான் குடையுறாங்க, அந்த மரத்தோட ரேகை கறுப்புலயே நல்லா வருது. 2022ல புவிசார் குறியீடு கிடைச்சதை ஒரு சின்னப் பெட்டியில போடறோம். 8 வித்வான், 9 அவரைப் பத்தி. 10-11 கானா. 12-13 சுரக்குறிப்பு. 14-15 பறை. 16-17 விமர்சனம். 18-19 ஹாஸ்டல் ஒலிப்பதிவு. 20-21 நிகழ்ச்சிப் பட்டியலும், இந்த வருஷம் எங்க மன்றத்துல யார் யார் என்ன வாசிச்சாங்கங்கிற பட்டியலும். எல்லார் பேரும், மைக் பிடிச்சவங்க, நாற்காலி போட்டவங்க பேர் உட்பட. 23, 24 விளம்பரம்.

22தான் பின்வாசல். கறுப்புப் பக்கம், படம் கிடையாது. எங்க வாட்ச்மேன் தாத்தா ராத்திரி டியூட்டியில பாடுற தெம்மாங்கை ஒருத்தி உட்கார்ந்து எழுதி வாங்கியிருக்கா. அவர் சொன்னபடியே, அவர் பேச்சுலயே, ஒரே பத்தியில போடறோம்.

இன்னொண்ணும் சொல்லணும். நேத்து 12-13ஐ ஏ3 தாள்ல ஜெராக்ஸ் எடுத்து இசை அறையில தரையில போட்டோம். பாட்டுப் போட்ட அக்கா தள்ளி உட்கார்ந்துட்டாங்க. அந்தப் பாட்டை இதுவரை கேட்டே இராத ஒருத்தியை வீணையோட உட்கார வெச்சோம். அனுபல்லவி ரெண்டாவது வரியில நின்னுட்டா. பார்த்தா, ஒரு தார ஸ்தாயிப் புள்ளி விட்டுப் போயிருந்துச்சு. பென்சில்ல வெச்சோம். மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிச்சு சரணம் முடியுற வரைக்கும் தாள்ல கை வைக்காமலே வாசிச்சு முடிச்சா.


வீணைக்குடம்

அந்தப் புள்ளியைக் கம்ப்யூட்டர்லயும் வெச்சாச்சான்னு பார்த்துக்கோம்மா. பென்சில்ல வெச்சது பென்சிலோட நின்னுடும்.


மையும்தாளும்

புரூஃப் வந்ததும் திரையில பார்க்காதீங்க. தாள்ல எடுத்து, மடிச்சு, பின் அடிச்சுப் பாருங்க. பக்க எண் வெளி ஓரத்துலேர்ந்து பத்து மி.மீ.யாவது உள்ள இருக்கட்டும். உள் தாளெல்லாம் மடிச்சா வெளியே பிதுங்கி நிக்கும், வெட்டுறப்போ அந்த ஓரம்தான் முதல்ல போகும். பிரஸ்ல வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு பிரதி கேட்டு வாங்கி, 8ஐத் திறந்து பாருங்க.


அஞ்சரைக்கட்டை

வெச்சாச்சு டீச்சர். புரூஃப் வியாழக்கிழமை வருதுண்ணா. 8ஐத்தான் முதல்ல திறப்போம்.